'தி டவுன்வர்ட் ஸ்பைரல்': கிட்டார் எங்கே ஒளிந்திருக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சிந்த் ராக் (சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியை மையமாக வைத்த ராக்) என்றாலே எண்பதுகளின் மினுமினுப்பான பாட்டுகள்தான் என்று நினைத்திருந்தீர்கள். நைன் இன்ச் நெயில்ஸின் 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' கேட்டால் ஒரே இருட்டு. மெட்டலா, டெக்னோவா என்றே பிடிபடவில்லை. ஏட்ரியன் பெலூ போன்ற ஒரு பெரிய கிட்டார் கலைஞர் விருந்தாளியாக வந்து வாசித்திருக்கிறார் என்று படித்தீர்கள், ஆனால் அவர் எங்கே வாசிக்கிறார் என்று மூன்று தடவை கேட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் என்னதான் செய்தார், இந்த ஆல்பத்தை எப்படிக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு உங்கள் காது காரணமில்லை. எது கிட்டார், எது சிந்தசைசர் என்று தெரியக்கூடாது என்றுதான் இந்த ஆல்பத்தையே செய்திருக்கிறார்கள். பெலூவை வரவழைத்ததும் அதற்காகத்தான். சோலோ வாசிக்க அவரைக் கூப்பிடவில்லை. ஒலி தரக் கூப்பிட்டார்கள்.

ஆல்பம் வெளியானது 1994 மார்ச் 8. நைன் இன்ச் நெயில்ஸ் என்பது அப்போது பெயருக்குத்தான் ஒரு குழு. ஸ்டுடியோவுக்குள் அது ட்ரென்ட் ரெஸ்னர் என்ற ஒரே ஆள். பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூரில் வளர்ந்தவர், சிறுவயதில் முறையாகப் பியானோ கற்றவர். கிளீவ்லாந்தில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் கூட்டித் துடைக்கிற வேலை முதல் எல்லாம் பார்த்துக்கொண்டே, ஸ்டுடியோ சும்மா இருக்கும் இரவுகளில் தன் பாட்டுகளைப் பதிவு செய்தார். அப்படி வந்ததுதான் 1989-இல் வெளியான முதல் ஆல்பம். நீங்கள் சொல்லும் எண்பதுகளின் சிந்த் பாப் வாடை அதில் நன்றாகவே அடிக்கும். 1992-இல் வந்த 'புரோக்கன்' அதற்கு நேரெதிர்: கிட்டார் மேல் கிட்டார் அடுக்கிய கோபம். மூன்றாவதாக வந்த இந்த ஆல்பத்தில் அவர் இரண்டையும் விட்டுவிட்டு வேறொன்றைத் தேடினார். ஆங்கிலேய ராக் பாடகர் டேவிட் போவியின் 'லோ', பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 'தி வால்' இரண்டும் அப்போது தன் மனதில் இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். முதலாவது, பாட்டை விட ஒலிச்சூழலை நம்பிய ஆல்பம். இரண்டாவது, ஒரு மனிதன் உள்ளுக்குள் இடிந்துபோவதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை சொல்லிப் போகும் கதை.

இதிலும் கதை அதுதான். பதினான்கு பாட்டுகள், 65 நிமிடம். ஒரு மனிதன் கடவுளை, உடலை, அதிகாரத்தை, உறவை ஒவ்வொன்றாக உதறிவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போகிறான். நடுவில் ஒரு கட்டத்தில் அவன் மனிதனாகவே இல்லை, எந்திரமாக மாறிக்கொண்டிருக்கிறான். இந்த நடுப்பகுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெலூவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

முதலில் பெலூ யார் என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்காரர். 1977-இல் ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். அங்கிருந்து டேவிட் போவி கொத்திக்கொண்டு போனார். 1978-இல் போவியின் உலகச் சுற்றுப்பயணம், அடுத்த ஆண்டு வெளியான 'லாட்ஜர்' ஆல்பம். 1980-இல் டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பம். 1981 முதல் கிங் கிரிம்ஸன் என்ற ராக் குழு. இந்த வரிசையைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று புரியும். வேகமாக வாசிப்பவர்கள் எத்தனையோ பேர் உண்டு. இவர் கிட்டாரில் யானை பிளிறுவார், கடற்பறவை கத்துவார், தொழிற்சாலைச் சங்கு ஊதுவார். கேட்பவர் சிரித்துவிடுவார், ஆனால் அந்தப் பிளிறல் அதே பாட்டின் தாளத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும்.

'லாட்ஜர்' பதிவின்போது நடந்த ஒரு விஷயம் இங்கே முக்கியம். போவியும், அந்த ஆல்பத்தில் அவரோடு வேலை செய்த பிரையன் ஈனோவும், தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டியும் பெலூவுக்குப் பாட்டை முன்கூட்டிப் போட்டே காட்டவில்லை. ஹெட்ஃபோனில் டேப் ஓடும், அவர் உடனே வாசிக்க வேண்டும். என்ன சுருதி என்று தேடிப் பிடித்து, அவர் பாட்டைப் புரிந்துகொள்ளும் நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். பாட்டு தெரிந்த பிறகு வாசிப்பது அவர்களுக்கு வேண்டாம். பாட்டைத் தேடும் அந்தத் தடுமாற்றமும் துணிச்சலும்தான் வேண்டும். பிறகு அந்தத் துண்டுகளை வெட்டி ஒட்டி ஒரே வாசிப்பாகத் தைத்துவிட்டார்கள்.

பதினைந்து ஆண்டு கழித்து ரெஸ்னரும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தார். பாட்டை ஓடவிட்டு, உங்கள் இஷ்டத்துக்கு வாசியுங்கள் என்று பெலூவிடம் விட்டுவிட்டார். போவியை ஆசானாக நினைத்த ஒருவர் போவியின் கிட்டார் கலைஞரைக் கூப்பிடுகிறார், கூப்பிட்டு போவியின் வழியிலேயே வேலை வாங்குகிறார். இதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஆல்பத்தின் உறையில் பெலூவின் பங்கு இரண்டு பாட்டுகளில் குறிக்கப்பட்டிருக்கிறது. முதல் பாட்டான 'மிஸ்டர் செல்ஃப் டிஸ்ட்ரக்ட்', ஏழாவது பாட்டான 'தி பிகமிங்'. அங்கே 'லீட் கிட்டார்' என்று போடவில்லை. முதல் பாட்டுக்கு 'ஒலியின் இழையமைப்பை உண்டாக்கும் கிட்டார்' என்ற பொருளிலும், ஏழாவதற்கு 'ரிங் மாடுலேட்டர் கிட்டார்' என்றும் போட்டிருக்கிறது. உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் இந்த இரண்டு குறிப்புகளில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'மிஸ்டர் செல்ஃப் டிஸ்ட்ரக்ட்' எடுத்தவுடன் பாட்டு வராது. தட், தட், தட் என்று அடி விழும் சத்தம், கூடவே ஒரு முனகல். ஜார்ஜ் லூகாஸின் முதல் திரைப்படத்தில் ஒரு மனிதனைக் காவலன் அடிக்கும் காட்சியிலிருந்து எடுத்த ஒலி அது. அடியின் வேகம் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கதவை உடைத்துக்கொண்டு வருவது போல முழுப் பாட்டும் உள்ளே பாய்கிறது. டிரம் மெஷின் குதிரை வேகத்தில் ஓடுகிறது. அதன் மேல் ஒரு இரைச்சல் திரை. மழைக்காலத்தில் பழைய டிவியில் சிக்னல் போனால் வருமே, அந்த இரைச்சலுக்குள் யாரோ கம்பியை வைத்துக் கீறினால் எப்படி இருக்கும், அப்படி. நன்றாகக் கேட்டால் அந்தத் திரை ஒரே மாதிரி நிற்காது. மூச்சு விடும், வீங்கும், சுருங்கும். வெறும் மின்னிரைச்சல் அப்படி மூச்சு விடாது. அதற்குள் ஒரு கை இருக்கிறது என்று தெரியும். பெலூ கொடுத்த ஒலியும் ரெஸ்னர் அடுக்கிய ஒலிகளும் அங்கே ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. எது எவருடையது என்று பிரிக்கப் பார்க்காதீர்கள், முடியாது, தேவையும் இல்லை.

பாட்டின் நடுவே எல்லாம் சட்டென்று அடங்கிக் கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சும். பிறகு மறுபடி வெடிக்கும். கடைசியில் பாட்டுக்காரர் போய்விடுவார், டிரம்மும் போய்விடும், கிட்டார் இரைச்சலின் ஒரு துண்டு மட்டும் பழுதான எந்திரம் போலத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். அது கத்தரித்தாற்போல அறுந்து, அடுத்த பாட்டு 'பிக்கி' மிக மெல்ல, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகத் தொடங்கும். நான் முதன்முதலில் இதைக் கேட்டது ஒரு நண்பனின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த அறுபடும் இடத்தில் இரண்டு பேரும் கேசட் சிக்கிக்கொண்டது என்று நினைத்து எழுந்தோம். 'பிக்கி'யின் பேஸ் மெதுவாக வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். அன்றைக்கு மீதிப் பாட்டுகள் முடியும்வரை இருவரும் பேசவில்லை.

அடுத்தது ரிங் மாடுலேட்டர். இது என்ன செய்கிறது என்று தெரிந்தால் 'தி பிகமிங்' பாட்டை நீங்கள் கேட்கும் விதமே மாறிவிடும். கிட்டாரில் ஒரு சுரம் மீட்டுகிறீர்கள், 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கருவிக்குள் இன்னொரு அலை ஓடிக்கொண்டிருக்கிறது, அது 300 ஹெர்ட்ஸ். ரிங் மாடுலேட்டர் இந்த இரண்டையும் பெருக்கிவிடும். வெளியே வருவது 440-உம் இல்லை, 300-உம் இல்லை. இரண்டின் கூட்டலான 740, கழித்தலான 140, இவை இரண்டும்தான். அதாவது நீங்கள் மீட்டிய சுரமே காணாமல் போய்விட்டது. வந்திருக்கும் இரண்டும் ஒன்றுக்கொன்று சுருதி சேராதவை. கிட்டார் சுரத்தில் ஒரே அதிர்வு இருப்பதில்லை, மேலே மேலே பல துணை அதிர்வுகள் இருக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் இதே கதி. மொத்தத்தில் காதில் விழுவது உலோகம். கோயில் மணியை மூடிய தகர டப்பாவுக்குள் வைத்து அடித்த மாதிரி ஒரு ஒலி. கிட்டாரில் நீங்கள் சுரத்தை ஏற்றினால் கூட்டல் ஏறும், கழித்தலோ அந்த உள் அலையின் அளவைப் பொறுத்து ஏறவும் செய்யலாம் இறங்கவும் செய்யலாம். விரல் மேலே போகிறது, ஒலியின் ஒரு பாதி கீழே போகிறது. வாசிப்பவருக்கே தலை சுற்றும். பெலூ இதைப் பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் வைத்திருந்த ஆள்.

'தி பிகமிங்' பாட்டில் பேசுகிறவன், தன் உடம்புக்குள் கம்பிகள் ஏறிவிட்டன, பழைய ஆள் போய்விட்டான் என்கிறான். தலைக்குள் இருக்கும் இரைச்சல் நிற்க மாட்டேன் என்கிறது. மனிதன் எந்திரமாகும் பாட்டு என்று மேலே சொன்னேனே, அது இதுதான். யோசித்துப் பாருங்கள். மரமும் கம்பியும் விரலும் சேர்ந்து பிறக்கும் கிட்டார் ஒலியை எடுத்து, அதன் சுரத்தையே அழித்து, உலோகமாக்கிக் கொடுக்கும் கருவியை இந்த ஒரு பாட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வரிகள் சொல்வதைக் கிட்டார் அனுபவித்துக் காட்டுகிறது. பின்னணியில் ஒரு கூட்டமே அலறும் ஒலி தாளமாகவே ஓடும். பாதியில் திடீரென்று எல்லாம் விலகி, ஒரு சாதாரண அகௌஸ்டிக் கிட்டார் தனியாக வரும். எந்தச் சாயமும் பூசாத, கையால் மீட்டும் கிட்டார். எந்திரத்துக்குள் இன்னும் கொஞ்சம் மனிதன் மிச்சமிருக்கிறான் என்று அந்த ஒலி சொல்கிறது. அது நீடிப்பதில்லை. மறுபடி உலோகம் வந்து அதை விழுங்கிவிடும். மொத்த ஆல்பத்தின் கதையும் இந்த ஐந்தரை நிமிடத்துக்குள் இருக்கிறது என்பேன். எல்லோரும் 'க்ளோசர்', 'ஹர்ட்' என்று அந்த இரண்டைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் ஆல்பத்தின் நடுத்தூண் இதுதான்.

பெலூவின் பாகம் இவ்வளவுதானா என்று கேட்கலாம். ஆம், அளவில் இவ்வளவுதான். ஆனால் அவருடைய முறை ஆல்பம் முழுக்கப் பரவியிருக்கிறது. மற்றப் பாட்டுகளில் பெரும்பாலும் ரெஸ்னரே கிட்டார் வாசிக்கிறார். ராக் ஸ்டுடியோவில் வழக்கம் என்னவென்றால், பெரிய ஆம்ப்பை (கிட்டார் ஒலிபெருக்கியை) ஓர் அறையில் வைத்து, அதன் முன்னால் மைக் நிறுத்தி, அறையின் காற்றோடு சேர்த்துப் பதிவு செய்வார்கள். இவர் கிட்டாரைச் சின்ன ஜூம் 9030 எஃபெக்ட்ஸ் பெட்டியில் செருகி, அங்கிருந்து நேராக மேக் கணினிக்குள் விட்டார். அறையும் இல்லை, காற்றும் இல்லை. கணினிக்குள் வந்த பிறகு கிட்டாரும் ஒரு கோப்பு, அவ்வளவுதான். அதை வெட்டலாம், திருப்பிப் போடலாம், டர்போசிந்த் என்ற மென்பொருளில் சிந்தசைசரை வளைப்பது போலவே வளைக்கலாம். 1993-இல் இது சாதாரண வேலை இல்லை. இன்றைக்குக் கல்லூரிப் பையன் லேப்டாப்பில் விளையாட்டாகச் செய்வதற்கு அன்று இரவெல்லாம் உட்கார வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் விட்டால் தவறு. ஒருவர் கூட்டுத் தயாரிப்பாளர் ஃப்ளட். டெபெஷ் மோட் என்ற சிந்த் பாப் குழுவின் 'வயலேட்டர்' ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர்தான். சிந்தசைசருக்கு ரத்த ஓட்டம் கொடுப்பது எப்படி என்று தெரிந்தவர். 'தி பிகமிங்' பாட்டில் ஏஆர்பி 2600 சிந்தசைசரை வாசித்திருப்பதும் அவர்தான். அதாவது அந்தப் பாட்டில் உங்களுக்கு எது பெலூ, எது ஃப்ளட் என்று குழம்பினால், குழப்பம் நியாயமானதே. இன்னொருவர் ஆலன் மோல்டர், கலவை செய்தவர். இத்தனை இரைச்சலுக்கு நடுவே கிசுகிசுப்பும் தெளிவாகக் கேட்கிறது என்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பதிவு நடந்த வீட்டைப் பற்றி எங்கே படித்தாலும் எழுதியிருப்பார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 10050 சியேலோ டிரைவ். 1969 ஆகஸ்டில் நடிகை ஷாரன் டேட் உட்பட ஐந்து பேரை சார்ல்ஸ் மேன்சன் என்பவனின் கும்பல் கொன்ற வீடு. ரெஸ்னர் அதை வாடகைக்கு எடுத்து ஸ்டுடியோ ஆக்கினார். அந்த ஸ்டுடியோவுக்கு அவர் வைத்த பெயர் அந்தக் கொலையை நினைவூட்டும் பெயர். எனக்கு இதில் மனக்குறை உண்டு, அவருக்கும் பிறகு வந்தது. ஷாரன் டேட்டின் தங்கை ஒரு நாள் அவரைச் சந்தித்து, என் அக்காவின் சாவை வைத்துப் பிழைக்கிறீர்களா என்று கேட்டாராம். அதுவரை அந்த வீட்டைத் தன் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்ததாகவும், அன்று வீட்டுக்குப் போய் அழுததாகவும் 1997-இல் அவரே பேட்டியில் சொன்னார். வீடு 1994-இல் இடிக்கப்பட்டது. ஆல்பம் அந்தக் கொலையைப் பற்றியது இல்லை. அதனால் அந்தக் கதையை ஒரு திகில் அலங்காரமாக வைத்துக்கொண்டு இதைக் கேட்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

சரி, மெட்டலா டெக்னோவா என்ற கேள்விக்கு வருவோம். இரண்டும்தான், அப்புறம் ஃபங்க் (ஆடவைக்கும் தாள இசை), ஆம்பியன்ட் (மெல்லப் பரவும் சூழல் இசை), பியானோப் பாட்டு எல்லாமும்தான். பல வகை இசையைக் கலக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. பெரும்பாலும் அது விருந்துச் சாப்பாடு மாதிரி ஆகிவிடும், எல்லாம் இலையில் இருக்கும், ஒன்றோடொன்று சேராது. இங்கே ஏன் சேர்கிறது என்றால், எல்லாவற்றையும் ஒரே மனிதனின் மனநிலை மாற்றங்களாக வைத்திருக்கிறார். கோபம் வந்தால் மெட்டல், காமம் வந்தால் ஃபங்க், அசதி வந்தால் ஆம்பியன்ட்.

'மார்ச் ஆஃப் தி பிக்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் கத்தல் என்று தள்ளிவிடத் தோன்றும். கையில் தாளம் போட்டுப் பாருங்கள், கை தப்பும். ஏழு, ஏழு, ஏழு, எட்டு என்று எண்ணுங்கள். அதாவது நம் கணக்கில் மிஸ்ரம் மூன்று தடவை, அதற்குப் பிறகு ஓர் எட்டு. மொத்தம் 29 எண்ணிக்கைக்கு ஒரு சுற்று. மூன்று ஏழும் உங்களை முன்னால் தள்ளிக்கொண்டே போகும், கடைசி எட்டில் கால் ஒரு கணம் தரையைத் தொடும், உடனே அடுத்த தள்ளல். கொன்னக்கோல் பழகியவர்களுக்கு இது மூன்றாவது சுற்றிலேயே பிடிபட்டுவிடும். மிருதங்கம் படிக்கும் என் உறவுப் பையன் ஒருவனுக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மூன்று நிமிடமும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான், முடிந்ததும் இன்னொரு தடவை போடுங்க மாமா என்றான். இந்த வேகத்துக்கு நடுவில் இசை சட்டென்று நின்று, மென்மையான பியானோவும் ஒரு சாதுவான குரலும் மட்டும் வரும். அந்த மென்மை கத்தலை விடப் பயமாக இருக்கும்.

'க்ளோசர்' வேறு உலகம். அதன் உதைக்கும் டிரம் ஒலி, ராக் பாடகர் இகி பாப்பின் 1977 ஆல்பமான 'தி இடியட்'டில் வரும் ஒரு பாட்டிலிருந்து எடுத்து உருமாற்றியது. அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் யார்? டேவிட் போவி. எங்கே சுற்றினாலும் அவரிடமே வந்து நிற்கிறோம். 'க்ளோசர்' பாட்டை எல்லோரும் அதன் ஒரு கெட்ட வார்த்தைக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். கடைசி இரண்டு நிமிடத்தைக் கேளுங்கள். பாடுவது முடிந்த பிறகு ஒலி மேல் ஒலியாக ஏறிக்கொண்டே போய், எல்லாம் விலகியதும் ஒரு பியானோ மட்டும் படிப்படியாகக் கீழிறங்கும் ஒரு சின்ன இசைத்துணுக்கை வாசித்துவிட்டு நிற்கும். அதே துணுக்கு தலைப்புப் பாட்டான பதின்மூன்றாவதில் மறுபடி வரும். ஆல்பத்தின் பெயரே கீழிறங்கும் சுழல் அல்லவா, அந்தச் சுழலின் படி இதுதான்.

'பிக்கி'யின் கடைசியில் தாறுமாறாக ஒரு டிரம் வாசிப்பு வருமே, அது ரெஸ்னரே கையால் வாசித்தது. 'ரூயினர்' பாட்டில் நீங்கள் தேடிய வழக்கமான கிட்டார் சோலோ ஒன்று உண்டு, அதுவும் ரெஸ்னர்தான், பெலூ இல்லை. பலர் இங்கே ஏமாறுகிறார்கள். 'பிக் மேன் வித் எ கன்' ஒன்றரை நிமிடத்துச் சூறாவளி, ஆணாதிக்கத் திமிரைக் கிழிக்கப் போய் அதையே போற்றுவதாகப் பழி சுமந்த பாட்டு. எனக்கு அது ஆல்பத்தின் பலவீனமான இடம். அதை ஒட்டியே 'எ வார்ம் பிளேஸ்' வருவதுதான் அதைக் காப்பாற்றுகிறது. குரல் இல்லாத மூன்று நிமிடம், வெதுவெதுப்பான சிந்தசைசர் அலைகள். முழு ஆல்பத்திலும் அந்த மனிதனுக்கு நிம்மதி கிடைக்கும் ஒரே இடம்.

விற்பனையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஆல்பம் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் எடுத்தவுடன் இரண்டாம் இடம் பிடித்தது. முதலிடத்தில் இருந்தது அதே மார்ச் 8 அன்று வெளியான சவுண்ட்கார்டனின் 'சூப்பர்அன்னோன்'. அமெரிக்காவில் மட்டும் நான்கு முறை பிளாட்டினம் ஆனது, அதாவது நாற்பது லட்சம் பிரதிகள். அதே ஆண்டு ஆகஸ்டில் உட்ஸ்டாக் '94 இசைவிழா மேடையில் உடம்பெல்லாம் சேறோடு குழு ஏறி வாசித்ததைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அடுத்த ஆண்டு போவியுடனேயே சேர்ந்து சுற்றுப்பயணம் போனார் ரெஸ்னர். பெலூவும் அவரை விட்டுவிடவில்லை, 1999-இன் 'தி ஃப்ராஜைல்' தொடங்கிப் பல பதிவுகளில் திரும்பி வந்தார்.

நம்மவர்களுக்கு ரெஸ்னரின் பெயர் வேறொரு வழியில் தெரிந்திருக்கலாம். 2011 ஆஸ்கர் விழாவில் '127 ஹவர்ஸ்' இசைக்காக ஏ.ஆர். ரகுமான் பரிந்துரைப் பட்டியலில் இருந்தார். அன்று பின்னணி இசை விருதை வாங்கியவர்கள் 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்துக்காக ட்ரென்ட் ரெஸ்னரும் அட்டிகஸ் ராஸும். அன்று வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் 'தி சோஷியல் நெட்வொர்க்' தொடக்கத்தில் தனியாக விழும் பியானோச் சுரங்களும் அதன் அடியில் முனகும் மின்னொலியும், 1994-இல் இந்த ஆல்பத்தில் பிறந்தவை என்று கேட்டவுடன் புரிந்தது.

'ஹர்ட்' பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பலர் இதை 2002-இல் ஜானி கேஷ் பாடியதாகவே அறிவார்கள். அவர் பாடியது ஒரு முதியவரின் கணக்குத் தீர்ப்பு, மிக அழகானது. ரெஸ்னரின் மூலப் பாட்டு வேறு. அதில் பின்னால் காற்று போல ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். கிட்டாரில் ஒரு சுரம் வேண்டுமென்றே இடறும், சுருதி தெரிந்த காதுக்கு அது நெருடும். அந்த நெருடலை யாரும் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்கள். ஏனென்றால் பாடுகிறவன் அந்த நிலையில்தான் இருக்கிறான். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஒரு பிரம்மாண்டமான கிட்டார் ஒலி வந்து விழுந்து, மெல்ல மெல்லக் கரையும்.

இப்போது எப்படிக் கேட்பது என்ற கேள்வி. அதற்கு முன் ஒன்று. இந்த ஆல்பம் தற்கொலை வரை இறங்கும் ஒரு மனதைப் பற்றியது, தலைப்புப் பாட்டு அதை மறைக்காமல் சொல்கிறது. பிற்பாடு ரெஸ்னரே போதைக்குள் விழுந்து, பெரும்பாடு பட்டு மீண்டு வந்தவர். மனம் சரியில்லாத நாட்களில் இதைத் தனியாகக் கேட்காதீர்கள். எடுத்து வைத்துவிட்டு யாரிடமாவது பேசுங்கள். ஆல்பம் எங்கும் ஓடிப்போகாது.

நல்ல நாளில், ஃபோன் ஸ்பீக்கரில் அல்லாமல், ஹெட்ஃபோனில் கேளுங்கள். இடது வலது காதுகளுக்கு இடையே ஒலிகள் நகர்வதில்தான் பாதி வேலை நடக்கிறது. நேராக முதல் பாட்டுக்குப் போக வேண்டாம். முதல் நாள் 'பிக்கி', 'எ வார்ம் பிளேஸ்', 'ஹர்ட்' மூன்றையும் மட்டும் கேளுங்கள். இந்த மனிதர் மெதுவாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று காது பழகிக்கொள்ளும். அடுத்த நாள் பெலூவின் இரண்டு பாட்டுகள். அதற்கு முன்னோட்டமாக டாக்கிங் ஹெட்ஸின் 'ரிமெய்ன் இன் லைட்'டில் அவருடைய சோலோக்களைக் கேட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது. அங்கே வெட்டவெளியில் ஆடும் கை இங்கே சுவருக்குள் இருந்து கீறுவது தெரியும். மூன்றாவது நாள் பதினான்கையும் வரிசையாக, இடையில் நிறுத்தாமல்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'தி பிகமிங்'கில் அந்த அகௌஸ்டிக் கிட்டார் தனியாக வரும்போது சத்தம் போதவில்லை என்று வால்யூமைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். அடுத்து வருவதை உங்கள் காது தாங்காது.